வாசலில் சொன்ன ‘இல்லை’

லண்டனின் அப்பர் டூட்டிங் வீதியில், வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிற்கிற எந்த வானுக்கும் சொந்தக்காரர் கிடையாது. யோகராஜாவின் பலசரக்குக் கடை வாசலில், யோகராஜா என்று இரண்டு பக்கமும் பெரிதாக எழுதிய வான் நிற்கும். அதிலிருந்து கத்தரிக்காய்ப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். கவுன்சில் சீருடையும் கையில் தண்டப்பண டிக்கெட் மெஷினுமாக நித்தியானந்தன் வந்து, “இது ஆற்ர வான்?” என்று கேட்டால், பெட்டியைச் சுமந்தபடியே யோகராஜா, “தெரியாது அண்ணை. காலமையில இருந்து நிக்குது” என்பார்.

நித்தியானந்தன் கோபப்படுவதில்லை. பதினெட்டு வருடமாக டிக்கெட் எழுதுகிற மனிதருக்குத் ‘தெரியாது’ என்ற சொல்லின் தரம் பார்க்கத் தெரியும். யோகராஜாவுடையது முதல் தரம். கண் இமைக்காது, குரல் தளம்பாது, கேட்டவர்மேல் ஒரு சின்ன இரக்கம்கூடக் கலந்திருக்கும். டிக்கெட்டை எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டு, அதே கடைக்குள் போய் அவரிடமே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

இந்தக் கலையில் நித்தியானந்தனும் சாமானியப்பட்டவர் அல்ல. அவருடைய இருபதுகளில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஆயுதம் தேடி மூன்று தரப்பினர் முறைவைத்து வந்தார்கள். ஒரு தரப்பு சிங்களத்தில் கேட்டது, ஒரு தரப்பு ஹிந்தியில் கேட்டது, ஒரு தரப்பு நல்ல தமிழில் கேட்டது. கேள்வி ஒன்றுதான்: துவக்கு எங்கே, அது யாரிடம்? நித்தியானந்தனின் பதிலும் ஒன்றுதான். அந்தப் பதிலைச் சொன்னபடியால்தான் உயிரோடு லண்டன் வந்து, கலியாணம் கட்டி, வீடு வாங்கி, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனுமானார். ஆகவே அது கெட்ட பதில் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

அந்தப் பெண்பிள்ளைதான் வீட்டுக்குத் துவக்கோடு வந்தாள்.

மிதுஷா ஸ்கொட்லாந்துக்கு பிசியோதெரபி படிக்கப் போனவள். டொக்டர் படிப்பு இல்லை என்பதைத் தாய் ஜெயகௌரி, ‘மருத்துவம் சம்பந்தப்பட்டது’ என்ற சொற்றொடரால் உறவுக்காரர்களிடம் ஒருவாறு சமாளித்து வைத்திருந்தார். பட்டம் எடுத்துத் திரும்பியவள், கூடவே ஆளுயரத்துக்கு மேலான இரண்டு மெல்லிய சறுக்குப் பலகைகளும், முதுகில் மாட்டுகிற துவக்கு ஒன்றும் கொண்டுவந்தபோது, அதை எது சம்பந்தப்பட்டது என்று சொல்வதென்று ஜெயகௌரிக்கே தெரியவில்லை.

“பயத்லோன் அம்மா. பனியில சறுக்கி ஓடிறது. இடையில நிண்டு, அம்பது மீற்றர் தள்ளி இருக்கிற அஞ்சு கறுப்பு வட்டத்தைச் சுடோணும். ஒருக்கா படுத்துக்கொண்டு, ஒருக்கா எழும்பி நிண்டு. எத்தினை தவறுதோ அத்தினை தண்டச் சுற்று கூட ஓடோணும்.”

இதை நித்தியானந்தன் தேத்தண்ணியோடு யோகராஜாவுக்கு விளக்கினார். யோகராஜா கவனமாகக் கேட்டார்.

“அப்ப ஆர் துரத்திறது?”

“ஒருத்தரும் துரத்தேல்லை.”

“துரத்தாமலே ஓடிறதோ? அண்ணை, நாங்கள் ஓடினனாங்கள். சுட்டது வேற ஆக்கள். உங்கட மகள் ரெண்டையும் தானே செய்யிறா. கெட்டிக்காரிதான்.”

லண்டனில் பனி இல்லை என்பது மிதுஷாவைத் தடுக்கவில்லை. சக்கரம் பூட்டிய குட்டைப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு டூட்டிங் பெக் பூங்காவின் தார்ப்பாதையில் இரண்டு தடிகளையும் ஊன்றி ஊன்றிப் போவாள். நாய்கள் குரைக்கும். காலை ஆஸ்பத்திரி வேலை, மாலை இந்த ஓட்டம். மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சட்டப்படி சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள் துவக்கு பூட்டிக் கிடக்கும். நித்தியானந்தன் அந்தப் பக்கம் போவதில்லை. வீடு கூட்டும்போதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுவார்.

போன வருடம் கோடையில், பன்னாட்டுப் போட்டிகளின் இரண்டாம் நிலைத் தொடருக்கு அவளை அணியில் எடுத்தார்கள். நவம்பர் கடைசியில் சுவீடனில் தொடங்கி மார்ச்சில் முடிகிற பருவம். நிபந்தனை ஒன்று இருந்தது. ஜனவரி நடுப்பகுதிக்குள் ஒரே ஒரு தடவையாவது முதல் நாற்பது பேருக்குள் வரவேண்டும். வந்தால் அடுத்த பருவத்துக்கும் இடம் உண்டு. வராவிட்டால் இல்லை. மிதுஷாவுக்கு இருபத்தேழு வயது. இன்னொருமுறை கூப்பிடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கிற வயதல்ல. ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் விடுமுறை கேட்டு வாங்கினாள்.

செப்டெம்பரில் துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பொலிஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆளையும் அலுமாரியையும் பார்த்து எழுதிக்கொண்டு போவார். போனமுறை எல்லாம் ஸ்கொட்லாந்து முகவரியில் நடந்து முடிந்தது. இந்த வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. குறித்த நாளில் மிதுஷா ஒஸ்திரியாவில் பயிற்சி முடித்து வந்திருக்க வேண்டும். விமானம் ரத்தாகிவிட்டது. மத்தியானம் போன் எடுத்தாள்.

“அப்பா, நான் நாளைக்குத்தான் வாறன். இண்டைக்கு மூண்டு மணிக்கு லைசென்ஸ் விசயமா ஒராள் வருவார். அவற்ர போனுக்கு அடிச்சுப் பாத்தன், எடுக்கேல்லை. நான் நாளைக்கு நிப்பன், எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கோ. துவக்கு என்னோட இருக்கு. அவ்வளவுதான்.”

“ஓம் ஓம்.”

“என்ன சொல்லுவீங்கள்?”

“என்ன பிள்ளை, நான் சின்னப்பிள்ளையே? நீ நாளைக்கு வருவாய் எண்டு சொல்லுவன்.”

ஜெயகௌரி வேலைக்குப் போயிருந்தார். நித்தியானந்தன் முகம் கழுவி, நல்ல சேட் ஒன்றைப் போட்டு, பிஸ்கட் தட்டு ஒன்றையும் ஆயத்தமாக வைத்துவிட்டு இருந்தார். சரியாக மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சாந்தமான வெள்ளைக்காரர். சீருடை இல்லை. சாதாரண உடுப்பு, கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு பைல். சீருடையோடு வந்திருந்தால் நித்தியானந்தன் ஒருவேளை தாங்கியிருப்பார். அவருடைய அனுபவத்தில் சாதாரண உடுப்பில் பைலோடு வருகிறவர்கள்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்.

“மிதுஷா நித்தியானந்தன் இங்கேதானே இருக்கிறார்?” என்று அவர் புன்னகையோடு ஆங்கிலத்தில் கேட்டார். “அவருடைய துப்பாக்கி விஷயமாக வந்திருக்கிறேன்.”

நித்தியானந்தனின் மூளை அந்தக் கேள்வியை எடுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் பதில் சொல்லிவிட்டது.

“இல்லை. அப்படி ஒருவரும் இங்கே இருப்பதில்லை.”

“உங்கள் மகள்தானே?”

“மகள்தான். இங்கே இல்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.”

“இந்த வீட்டில் துப்பாக்கி—”

“இந்த வீட்டில் துப்பாக்கியே இல்லை.”

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மை. துவக்கு அந்நேரம் ஒஸ்திரியாவில் இருந்தது. கண் இமைக்கவில்லை, குரல் தளம்பவில்லை. வந்தவர் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய பிறகுதான் நித்தியானந்தனுக்குப் பிஸ்கட் தட்டு கண்ணில் பட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வீதி முனையில் ஒரு கார் திரும்பிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? சொன்னது பொய் என்று பொலிஸிடம் தானே போய்ச் சொல்வதா? அவர் படித்த பள்ளிக்கூடத்தில் முதல் பொய்க்கு அடிதான் விழும். அதை மாற்றிச் சொன்னவர்கள் திரும்பி வரவில்லை.

மறுநாள் மிதுஷா வந்தாள். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: “லைசென்ஸில ஏதோ அட்ரஸ் பிரச்சினையாம். நான் இஞ்ச இருக்கிறனோ எண்டு அவைக்குச் சந்தேகம். திருப்பி முதலில இருந்து பாக்கோணுமாம். அப்பா, அண்டைக்கு அந்தாள் வந்தவரோ?”

“உனக்குத் தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டு நித்தியானந்தன் எழும்பினார்.

ஒக்டோபரில் பழைய லைசென்ஸ் காலாவதியானது. சட்டப்படி துவக்கை, அனுமதி பெற்ற ஒரு துவக்கு வியாபாரியிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்தாள். பொலிஸில் அவளுடைய பைல் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. அந்த மாதத்தில் ஒருநாள் நித்தியானந்தன் வேலைக்கிடையே, சீருடையோடு, பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே போய்விட்டார். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனார். முன்மேசையில் இருந்த பெண் அவருடைய சீருடையைப் பார்த்து, “பார்க்கிங் விஷயமா?” என்று கேட்டாள். “ஓம், பார்க்கிங்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற ஒரு காருக்கு டிக்கெட் எழுதினார். அது ஒரு பொலிஸ்காரரின் சொந்தக் கார் என்று பிறகு தெரியவந்தது. அவருடைய வாழ்க்கையில் பொலிஸுக்கு எதிராகச் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான்.

சுவீடனில் பருவம் தொடங்கியது. மிதுஷா அணியிடம் உபரியாக இருந்த ஒரு துவக்கோடு ஓடினாள். பயத்லோன் துவக்கின் கட்டை, சுடுகிறவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்துச் செதுக்கப்படுவது. இன்னொருத்தியின் அளவுக்குத் தைத்த சட்டையோடு கலியாணவீட்டுக்குப் போவதுபோல, அவளைவிட ஒரு சாண் உயரமானவளுக்குச் செய்த துவக்கோடு அவள் போனாள். முதல் போட்டியில் பத்துக்கு ஐந்து தவறியது. எழுபத்தோராவது இடம். அடுத்ததில் அறுபத்தெட்டு. ஒஸ்திரியாவில் எழுபத்துநான்கு.

நித்தியானந்தன் வேலைநேரத்தில் போனில் பார்ப்பார். ஓட்டம் தெரியாது. பெயரும் நேரமும் ஐந்து குட்டி வட்டங்களும் மட்டும்தான் தெரியும். பட்டால் வட்டம் வெள்ளையாகும், தவறினால் கறுப்பாகவே கிடக்கும். அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு வீதியோரம் சிலைபோல நிற்பார். அந்தக் குளிர்காலத்தில் அப்பர் டூட்டிங் வீதியில் வான்கள் இரட்டை மஞ்சள் கோட்டில் நிம்மதியாகத் தூங்கின. யோகராஜா போட்டி அட்டவணையைக் கேட்டு வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தார். சாமான் இறக்குவதைப் போட்டி நேரத்துக்கு மாற்றினார்.

“அண்ணை, மகள் இண்டைக்கு எத்தினை மணிக்கு?”

“பதினொண்டரை.”

“சரி. அப்ப பதினொண்டரைக்கு அரிசி வரும்.”

ஜனவரியில், ஜெர்மனியில், கடைசிச் சந்தர்ப்பம். அன்றைக்கு மிதுஷா அந்த அந்நியத் துவக்கை ஒருவாறு பழக்கியிருந்தாள். படுத்துச் சுட்டதில் ஐந்தும் வெள்ளை. நின்று சுட்டதில் முதல் மூன்றும் வெள்ளை. நித்தியானந்தன் யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டார். நான்காவது கறுப்பு. ஐந்தாவது வெள்ளை. ஒரு தண்டச் சுற்றுக்கு இருபத்தைந்து விநாடி பிடிக்கும். மிதுஷா நாற்பத்துமூன்றாவதாக வந்தாள். நாற்பதாவதாக வந்தவள் இவளைவிடப் பதினொரு விநாடிதான் முந்தியிருந்தாள்.

ஒரே ஒரு சூடு. நித்தியானந்தன் அங்கேயே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்.

அதே மாதக் கடைசியில் பொலிஸ்காரர் இரண்டாம் முறை வந்தார். நித்தியானந்தன் அன்று ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜெயகௌரி வந்தவருக்குச் சாப்பிட றோல்ஸ் கொடுத்து, அலுமாரியைக் காட்டி, “என்னுடைய மகள் இங்கேதான் இருக்கிறாள்” என்று ஒரு வாக்கியம் சொன்னார். இரண்டு கிழமையில் லைசென்ஸ் வந்தது. துவக்கும் வந்தது.

மார்ச்சில் எஸ்தோனியாவில் பருவத்தின் இறுதிப் போட்டி. அடுத்த பருவ அணியில் அவளுடைய இடம் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் இந்தப் பருவத்துக்குப் பெயர் பதிந்திருந்தபடியால் ஓடலாம். நித்தியானந்தன் முதன்முறையாக நேரில் பார்க்கப் போனார். கவுன்சில் கொடுத்த பெரிய மஞ்சள் ஜாக்கெட்டுக்குள் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார். அவரை ஏதோ அதிகாரி என்று நினைத்து இரண்டு பேர் கழிவறை எங்கே என்று கேட்டார்கள்.

மிதுஷா வந்தாள். முதுகிலிருந்து துவக்கைக் கழற்றிப் பாயில் படுத்தாள். தகப்பன் முப்பது வருடத்துக்கும் மேலாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்தாரோ, அந்தச் சத்தம் ஐந்து தடவை கேட்டது. அவர் பயப்படவில்லை. அது சின்னச் சத்தம், காய்ந்த கொட்டான் காயை மிதிப்பதுபோல. ஐந்தும் வெள்ளை. சுற்றிவந்து, நின்று, மூச்சை அடக்கி, மறுபடி ஐந்து. பத்துக்குப் பத்து. இருபத்தொன்பதாவது இடம். வேலியோரம் நின்ற அந்நியர்கள்கூட அவருடைய தோளில் தட்டினார்கள். நித்தியானந்தன் அழுததை அவர்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய சொந்தத் துவக்கோடு அவளால் என்ன முடியும் என்று அப்போதுதான் அவர் கண்ணால் கண்டார்.

பிறகு அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் வான் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். தடிகளை அவர் வாங்கிச் சுமந்தார்.

“மிது, செப்டெம்பரில வீட்ட ஒராள் வந்தவர்தானே.”

“ஓம்.”

“அவர் கேக்கேக்க நான்…”

“தெரியும் அப்பா.”

“என்ன தெரியும்?”

“அடுத்த நாளே அவர் எனக்குப் போன் எடுத்தவர். வீட்டில ஒரு வயசான ஆள், நீங்கள் அங்க இருக்கிறதில்லை எண்டு சொன்னவர் எண்டார். எங்கட வீட்டில எத்தினை வயசான ஆம்பிளையள் இருக்கினம்?”

நித்தியானந்தன் நின்றுவிட்டார். அவளும் நின்றாள்.

“பயத்தில வந்திட்டுது பிள்ளை.”

“அது விளங்குது. வாசலில சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லை. உண்மையா இல்லை. அவரே சொன்னவர், அந்த ஆள் மாறிச் சொல்லிட்டன் எண்டு ஒருக்கா எழுதித் தந்தாப் போதும் எண்டு. ஒக்டோபருக்குள்ள முடிஞ்சிருக்கும்.”

“ஒரு கடிதமோ?”

“ஒரு கடிதம்.”

“ஐயோ பிள்ளை, என்னட்டக் கேட்டிருக்கலாமே. உடன எழுதித் தந்திருப்பனே.”

“கேட்டனான். நீங்கள் தேத்தண்ணி போடப் போனீங்கள்.” அவள் கையுறையைக் கழற்றி, திரும்பவும் போட்டாள். “பிறகு நேராக் கேக்க எனக்கு ஏலாமப் போச்சு. கேட்டா நீங்கள் என்னைப் பாத்தும் தெரியாது எண்டு சொல்லுவீங்கள். அந்தப் பொலிஸ்காரனுக்குச் சொன்ன மாதிரி எனக்கும். அதைக் கேக்கிறதை விட மற்றவளின்ர துவக்கோட ஓடலாம் எண்டு நினைச்சன். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அது என்ர பிழை.”

“உன்ர பிழை இல்லை.”

“பாதி என்ர பிழை,” என்றாள் மிதுஷா. “வாங்கோ, வான் போகப்போகுது.”

ஏப்ரலில் ஸ்கொட்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. போட்டிகள் இனி இல்லை. சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குப் பழக்குவாளாம். துவக்கும் அவளோடு போனது.

யோகராஜாவின் கடையில் ஒரு மத்தியானம். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த றொசாந்தி என்ற பெண்ணையும், தட்டுகளில் டின்பால் அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பொடியன் ரதீசனையும் தவிர வேறு யாரும் இல்லை.

“மகள் அடுத்த வருசமும் ஓடுறாவோ அண்ணை?” என்று யோகராஜா தேத்தண்ணியை நீட்டினார். “எனக்கு அட்டவணை வேணும்.”

வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி முடித்திருக்கலாம். ஜெயகௌரி எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நித்தியானந்தன் கோப்பையைக் கல்லாவில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்தவர், அவர் கேட்டது, தான் சொன்னது, ஒரு கடிதம், ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பதினொரு விநாடியையும் சொன்னார்.

யோகராஜா கோப்பையை எடுத்துத் திரும்பவும் அவருடைய கையில் கொடுத்தார்.

“உதில என்ன அண்ணை பிழை?” என்றார் யோகராஜா. “பைலோட வந்து துவக்கைக் கேட்டா, நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்.”

“எங்கட இவர் சனத்தொகை எடுக்க வந்த பொம்பிளைக்கே, இந்த வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவர்,” என்றாள் றொசாந்தி. “நாங்கள் அஞ்சு பேரும் பின்னால நிக்கிறம்.”

ரதீசன் டின்னைக் கீழே வைத்தான். “எங்கட வீட்டில அப்பா காஸ் மீட்டர் பாக்க வந்தவனுக்கு, மீட்டரே இல்லை எண்டவர்.”

மூவரும் சிரித்தார்கள். ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். கடை முழுவதுமாக, எதிர்ப்பே இல்லாமல், அவரை விடுதலை செய்தது.

“இல்லை, பிழைதான்,” என்றார் நித்தியானந்தன்.

“விடுங்கோ அண்ணை. பிள்ளைக்கு நல்ல வேலை கிடைச்சிட்டுதுதானே.”

“பிழை எண்டு ஒராளாவது சொல்லுங்கோவன்.”

யோகராஜாவுக்கு அது விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சீனி போடட்டுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மிதுஷா போன் எடுப்பாள். தாயோடு முக்கால் மணித்தியாலம் பேசுவாள். ஆஸ்பத்திரியில் மேலதிகாரியோடு வந்த பிரச்சினை, வீடு மாறுவதா விடுவதா, யாரோ ஒருவனைப் பற்றிய யோசனை எல்லாம் அங்கே போகும். பிறகு போன் நித்தியானந்தனிடம் வரும். அவர் அதற்குள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

“சுகமா இருக்கிறீங்களோ அப்பா?”

“ஓம் பிள்ளை.”

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்.”

“அங்க மழையோ?”

“ஓம், ரெண்டு நாளா மழை. வேறென்ன கேளன்.”

“வேறென்ன அப்பா, அவ்வளவுதான்,” என்பாள். அவள் குரலில் கோபம் இருக்காது. அடுத்த ஞாயிறும் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பாள்.